குடை போட்ட புடவை

ராயபுரத்தில் இறந்தவருடைய சட்டை ராயபுரத்தில் நடமாடக் கூடாது. எங்கள் கத்தோலிக்கக் கோயில் தர்ம சபையின் எழுதப்படாத சட்டம் இது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுப் பொட்டலத்தில் முட்டை வைப்பதா வேண்டாமா என்பதில் தொடங்கி, கஷ்டப்படுகிற குடும்பங்களைப் பார்க்கப் போகிற இடத்தில் காபி கொடுத்தால் குடிக்கலாமா என்பதுவரை எங்கள் சபையில் எல்லாவற்றுக்கும் சண்டை உண்டு. இந்த ஒன்றுக்கு மட்டும் யாரும் வாய் திறந்ததில்லை.

காரணம், நான் சபையில் சேர்வதற்கு முன்பு நடந்தது. ஒரு வீட்டில் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் இறந்தவருடைய துணிமணிகளை வழக்கப்படி சபைக்குக் கொடுத்தார்கள். சபையும் அவற்றைக் கோயில் மதிலோரம் படுத்துக் கிடப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்த அந்த விதவை, மதிலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரைப் பார்த்தார். கட்டம் போட்ட சட்டை. காலர் கிழிந்து, வேறு நிற நூலில் அந்த அம்மா தன் கையாலேயே தைத்தது. கிட்டே போய்த் தோளைத் தொட்டு, "வூட்டுக்குப் போலாம் வாங்க" என்று கூப்பிட்டுவிட்டார். அந்தப் பெரியவரும் பாவம், தன்னையும் ஒருவர் வீட்டுக்குக் கூப்பிடுகிறாரே என்று மூட்டையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாராம்.

அந்த அம்மாவைக் கைத்தாங்கலாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எழுந்து நின்றவரைத் திரும்ப உட்காரவைக்கத்தான் யாருக்கும் வாய் வரவில்லை என்று சபையின் மூத்தவர்கள் சொல்வார்கள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் பரிமாற்றம். எங்கள் கோயில் பங்கில் இறந்தவர்களின் துணி மூட்டை கட்டி எண்ணூருக்குப் போகும். எண்ணூர்ப் பங்கில் இறந்தவர்களின் துணி இங்கே வரும். ஆக, எண்ணூரில் மறைந்தவர்கள் ராயபுரம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் உலாத்துவார்கள், ராயபுரத்தில் மறைந்தவர்கள் எண்ணூரில் காற்று வாங்குவார்கள். எண்ணூர்க் காற்று என்பதால் கொஞ்சம் அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்த்து வாங்குவார்கள்.

மாதம் ஒரு முறை இந்த மூட்டைகளைக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறவன் நான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். சபையில் ஜெபம் சொல்லத் தெரிந்தவர்கள், பாட்டுப் பாடத் தெரிந்தவர்கள், பணக்காரர்களிடம் நன்கொடை கேட்கும்போது முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் என்று பல பேர் உண்டு. எனக்கு இதெல்லாம் வராது. ஆனால் அவர்களிடம் இருந்தவை பைக்குகள். என்னிடம் இருந்தது காலடியில் மூட்டை வைக்க இடமுள்ள ஸ்கூட்டர். கடவுள் ஒவ்வொருவருக்கும் ஒரு வழியாக அழைத்தல் தருகிறார். எனக்கு அந்தக் காலடிப் பலகை வழியாகத் தந்தார்.

மூட்டை தூக்குகிறவனுக்கு என்று தனியாகச் சில விதிகள் இருந்தன. மூட்டையைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. இறக்கிவைத்துவிட்டு, துணி கொடுக்கத் தொடங்கும் முன் கிளம்பிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்குகிறவர்களிடம் இது இறந்தவர்கள் துணி என்று சொல்லவே கூடாது. யாராவது கேட்டால், "நல்ல மனசுக்காரங்க குடுத்தது" என்று சொல்ல வேண்டும். சொன்னால் பயப்படுவார்கள், கட்ட மாட்டார்கள், வெயிலிலும் மழையிலும் கிழிசலோடு நிற்பார்கள் என்பது சபையின் கணக்கு. எனக்கும் அது சரியாகவே பட்டது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்கிற வேலையும் என்னுடையதுதான். நல்லா ஜோராக விளக்குவேன்.

என் மனைவி இறந்த பிறகுதான் இந்தச் சட்டத்தோடு எனக்குப் பேஜாரு ஆரம்பித்தது.

*

அந்தப் புடவையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் எல்லாப் புடவையும் அவளே பார்த்து எடுத்துக்கொண்டவை. ஒரே ஒரு முறை, ஒரு கல்யாண நாளுக்கு, அவளுக்குத் தெரியாமல் நானாகப் போய் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு புடவை எடுத்தேன். நைலக்ஸ். நீலத் தரையில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. கடை பாய், "இது புதுப் பூ சார், இப்பதான் வந்துகீது" என்றார். நானும் பெருமையாகப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டு வாசல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பக்கென்றது. பார்த்தால் சிரிக்கிறாள். சத்தமே வராத சிரிப்பு அது. முதலில் தோள் மட்டும் குலுங்கும், கண்ணில் தண்ணீர் வரும், கடைசியில்தான் சத்தம் வெளியே வரும், ஒரு விக்கல் மாதிரி.

"கிரேன்காரரே, இது இன்னாது?"

"பூ."

"பூவுக்குக் கைப்பிடி இருக்குமா? நல்லா பாருங்க. கொடை!"

குனிந்து பார்த்தேன். குடைதான். புடவை பூராவும் விரித்த குடைகள், ஒவ்வொன்றுக்கும் வளைந்த கைப்பிடி.

"அம்மாம் ஒசரத்துல குந்திகினு, கப்பலுக்குள்ள டப்பாவ எங்க எறக்கணும்னு கரீட்டா பாக்குறீங்க. கைல வச்சிருக்கிற கொடை கண்ணுக்குத் தெர்லியா?"

மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றேன். கொடுக்கவே இல்லை. என்னை வெறுப்பேற்றுவதற்காகவே கட்டினாள். கோயிலுக்கு, மார்க்கெட்டுக்கு, என் அக்கா வீட்டு விசேஷத்துக்கு. மழை வந்தால் தவறாமல் அதையே எடுத்துக் கட்டுவாள். வெளியே போய் நனைந்துவிட்டு வந்து, "இத்தினி கொடை கட்டிகினு போயும் நனைஞ்சிட்டனே, எந்தக் கடைல எட்த்தீங்க?" என்பாள். ஒரு வருஷம் வீட்டுக்குள் மழைத் தண்ணீர் புகுந்து, பாத்திரமெல்லாம் மிதந்தபோது, கட்டில் மேல் அந்தப் புடவையோடு நின்றுகொண்டு அதே கேள்வியைக் கேட்டாள். நான் முழங்கால் தண்ணீரில் நின்று சிரித்தேன்.

பிறகு சர்க்கரை வந்தது. முதலில் கண்ணைத் தொட்டது, அப்புறம் சிறுநீரகத்தைப் பிடித்தது. வாரம் தவறாமல் டயாலிசிஸ். நான் அவளை அழைத்துப் போய், மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வார்டில் இருக்கிற எல்லாரையும் கிண்டல் செய்து அவளைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். ஒரு நாள் என் கையைப் பிடித்துச் சொன்னாள்:

"சிரிக்க வெக்காதீங்க. வலிக்குது."

அவள் என்னிடம் கடைசியாகக் கேட்டது அது. அதற்குப் பிறகு நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் போகிறவரைக்கும் அந்த வார்டில் என்னைப் போல் நல்ல பிள்ளை யாரும் இல்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு மகள்கள் இருவரும் வந்தார்கள். மூத்தவள் மீஞ்சூரிலிருந்து, இளையவள் எம்.கே.பி. நகரிலிருந்து. மாலையில் பீரோவைத் திறந்து பிரித்தார்கள். பட்டு இரண்டும் அவர்களுக்கு. மீதியெல்லாம் சபை மூட்டைக்கு. நான் கதவில் சாய்ந்துகொண்டு, வழக்கம்போல ஏதோ உளறிக்கொண்டிருந்தேன். இளையவள் குடைப் புடவையை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இது உனக்கு வேணுமா?"

"எனக்கு நீலம் எடுக்காது கண்ணு. நான் கறுப்பு."

இருவரும் சிரித்தார்கள். அழுதுகொண்டிருந்த பெண்கள், பாவம், சிரிக்க ஏதாவது கிடைக்காதா என்று இருந்தார்கள். சிரித்துக்கொண்டே அதை மடித்து மூட்டைக்குள் வைத்துவிட்டாள். "இரு, குடு" என்று சொல்ல எனக்கு ஒரு நொடி இருந்தது. அந்த நொடியை என்னுடைய ஜோக்கு சாப்பிட்டுவிட்டது.

அந்த மாத மூட்டையை நானேதான் எண்ணூருக்குக் கொண்டுபோனேன். கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற கடற்கரை ரோட்டில், முழங்கால் இரண்டும் மூட்டையில் பட்டுக்கொண்டே வர, மெதுவாக ஓட்டினேன். பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரன், "பெர்சு, வண்டிய தள்ளிகினு வரியா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

*

வீட்டுச் சுவரில் அவள் போட்டோ இருக்கிறது. ஆதார் அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கியது. அதில் இருப்பவள் என் மனைவி இல்லை, யாரோ ரேஷன் கடையில் சண்டை போட வந்தவள். அதைப் பார்த்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக எனக்கு ஒரு பயம் வந்தது. அவள் சிரிப்பு மறந்துகொண்டே போகிறது. தோள் குலுங்குவது வரைக்கும் நினைவுக்கு வரும். கடைசியில் வருகிற அந்த விக்கல் சத்தம் வராது. வார்டில் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த நாட்கள் அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டன. அந்தப் புடவை கையில் இருந்தால் வந்துவிடும் என்று தோன்றியது. வேறெதுவும் வேண்டாம், அது ஒன்று வேண்டும். கிழவனுக்குக் கிறுக்கு என்று நீங்கள் நினைக்கலாம். நானே நினைத்தேன்.

எண்ணூர் சபையின் தலைவி ஓய்வு பெற்ற டீச்சர். அவரிடம் கேட்க வெட்கமாக இருந்தது. இந்தச் சட்டத்தை அவர் ஆட்களுக்கே மேடை போட்டு விளக்கியவன் நான். அதனால் புடவை யாரிடம் போயிருக்கிறது என்று பார்க்க, திருட்டுத்தனமாக, மூட்டை இறக்கிய பிறகும் கிளம்பாமல் நிற்கத் தொடங்கினேன்.

"பிரதர், எறக்கியாச்சு இல்ல? கெளம்பலையா?"

"வண்டி சூடா இருக்கு டீச்சர். கொஞ்சம் ஆறட்டும்."

அடுத்த மாதமும் வண்டி சூடாக இருந்தது. அதற்கடுத்த மாதமும். மெக்கானிக்கிடம் காட்டுங்கள் என்று டீச்சர் அக்கறையோடு சொன்னார்.

மூட்டை இறக்குகிற இடத்தில் பாலத்துக்குக் கீழே சில குடும்பங்கள் தங்கியிருக்கின்றன. தார்ப்பாய், அட்டை, பழைய பேனர் வைத்துத் தடுத்த இடங்கள். எண்ணூர் சபைக்காரர்கள் ஞாயிறுதோறும் அங்கே சாப்பாடு கொடுப்பார்கள். மழைக்கு முந்திய மாதம், சாப்பாட்டு வரிசையில் ஒரு பெண் நின்று, இடையில் புகுந்தவனைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். "தோ, கசுமாலம், பின்னாடி வா. நாங்க இன்னா இங்க படம் பாக்கவா நின்னுகினுகீறோம்?" ஐம்பது வயது இருக்கும். நல்ல உடம்பு, நல்ல தொண்டை. கட்டியிருந்தது குடைப் புடவை.

அழுகை வரும் என்றுதான் நினைத்திருந்தேன். வரவில்லை, சந்தோஷமாக இருந்தது. என் மனைவி ஒல்லி. அவள் கட்டினால் பாதிக் குடை கொசுவத்துக்குள் மடங்கிக் கிடக்கும். இந்த அம்மாவின் உடம்பில் எல்லாக் குடையும் விரிந்திருந்தது.

விசாரித்ததில் தெரிந்தது: அந்த அம்மா வரிசையில் நிற்கிற லாரி டிரைவர்களுக்குத் தண்ணீர் பாட்டிலும் டீயும் விற்கிறவர். மகள் கர்ப்பமாக இருந்தாள். மாப்பிள்ளை கிளீனராக லாரியில் போனவன், இன்னும் திரும்பவில்லை.

ஒரு புடவைக்கு ஒரு புடவை என்று முடிவு செய்தேன். எம்.சி. ரோட்டுக்கு மறுபடி போனேன். இந்த முறை கடைக்கு வெளியே வெயிலில் கொண்டுவந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பூதான். கைப்பிடி இல்லை. "இன்னா சார், பொண்ணு பாக்குற மாதிரி பாக்குறீங்க?" என்றான் கடைப்பையன்.

*

டீச்சருக்குத் தெரியாமல், ஒரு வாரநாளில், காலையிலேயே போனேன். வழியெல்லாம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். உண்மையைச் சொல்ல முடியாது, சட்டம் இருக்கிறது. வேறு ஏதாவது சொல்லி வாங்கிவிட வேண்டும். வாய் என்னை எப்போதாவது கைவிட்டிருக்கிறதா என்ன?

அந்த அம்மா மூன்று கல் அடுப்பில் டீ கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார். வேறு புடவை கட்டியிருந்தார். கண்ணால் சுற்றிலும் தேடினேன். அப்புறம் பார்த்தேன். பாலத்தின் கம்பியிலிருந்து ஒரு தூளி தொங்கியது. நீலம், வெள்ளைக் குடைகள். உள்ளே பிறந்து சில நாளே ஆன குழந்தை. மகள் பக்கத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் ராயபுரம் கோயில் ஆளு. மாசா மாசம் துணி மூட்டை கொண்டாருவேனே."

"தெர்யும். வண்டி சூடாயிடும்னு நின்னுகினு இருப்பியே, அந்தப் பெர்சுதான?"

"ஆமா. ஒண்ணுமில்ல, அந்தத் தூளிப் புடவைய எனக்குக் குடுத்துடுறியா? இதோ, புதுசு தரேன்."

அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "இன்னாத்துக்கு?"

"சும்மாதான்."

"சும்மா பழசுக்குப் புதுசு குடுப்பியா? யாராண்ட ரீல் வுடுற?"

"மியூசியத்துல வெக்கலாம்னு."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். முகம் இன்னும் இறுகியது. அவர் சந்தேகத்தை அடக்கவேண்டும் என்ற அவசரத்தில், அதைவிட மோசமான ஒன்றை வேறு சொல்லித் தொலைத்தேன். துவைத்துவிட்டால் புடவையில் இருக்கிற என் மனைவியின் மிச்சம் ஏதாவது போய்விடுமோ என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. எத்தனையோ முறை துவைத்திருப்பார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"தோய்க்கல்லாம் வேணாம்மா. அப்படியே அவுத்துக் குடு."

அந்த அம்மா எழுந்த வேகத்தில் டீச்சட்டி கவிழ்ந்தது.

"டேய்! பச்சப்புள்ள கெடந்த துணிய தோய்க்காம கேக்குறான்டா! செய்வின வெக்க வந்துகீறான்!"

அப்போதுதான் எனக்கே புரிந்தது, நான் என்ன கேட்டிருக்கிறேன் என்று. முன்பின் தெரியாதவன் ஒருவன், ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து, பிள்ளை படுத்த துணியைத் துவைக்காமல் கொடு, புதுசு தருகிறேன் என்று கேட்டால், வடசென்னையில் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. நானாக இருந்தாலும் செருப்பைத்தான் எடுத்திருப்பேன். அந்த அம்மாவும் அதைத்தான் எடுத்தார்.

லாரிகளிலிருந்து டிரைவர்கள் குதித்து ஓடிவந்தார்கள். ஒருவன் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கினான். இன்னொருவன் என் சட்டைப்பையைத் துழாவினான். எலுமிச்சம்பழம் தேடினானாம். கிடைத்தது ஜெபமாலையும் பிரஷர் மாத்திரையும். "மந்திரிக்கிற மணி வேற வச்சிருக்கான் பாரு!" என்றான்.

"ஐயா, இது ஜெபமாலை. நான் கிறிஸ்தவன்."

"கிறிஸ்தவன்னா செய்வின வெக்க மாட்டானா? எங்க தெருவுல..." என்று அவன் ஏதோ ஒரு கதையை ஆரம்பித்தான். அது முடிவதற்குள் யாரோ போன் செய்து டீச்சர் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார். இல்லையென்றால் அந்த மாத மூட்டையில் என் சட்டையும் போயிருக்கும்.

டீச்சர் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பூ என்று குடையை வாங்கியது, கறுப்பு என்று சொல்லிப் புடவையைக் கோட்டைவிட்டது, விக்கல் சத்தம் மறந்துபோனது எல்லாம். அவர் மேஜைத் துணியைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே பிரதர்."

"சட்டம் டீச்சர்."

"அந்தச் சட்டமே மனசு ஒடையக் கூடாதுன்னுதான வெச்சோம்?"

அவரே போய்ப் பேசி வாங்கித் தருவதாகச் சொன்னார். நான் வீடு திரும்பி, பீரோவில் ஒரு தட்டைத் துடைத்து, செய்தித்தாள் விரித்து, இடம் தயார் செய்தேன். மறுநாள் போன் வந்தது. குரலைக் கேட்டதுமே புரிந்துவிட்டது.

"பிரதர்... அந்தம்மா நேத்தே அத எரிச்சிட்டாங்களாம்."

*

அடுத்த மாதம் மூட்டை கொண்டுபோக வேறு ஆளைப் பாருங்கள் என்று சபையில் சொன்னேன். யாரிடமும் காலடிப் பலகை உள்ள ஸ்கூட்டர் இல்லை. நானே போனேன். இறக்கிவைத்ததும் வண்டியைத் திருப்பினேன். அன்றைக்கு வண்டி சூடாகவில்லை.

"யோவ் பெர்சு! நில்லு."

அந்த அம்மா. கையில் செருப்பு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன்.

"டீச்சரம்மா சொல்லிச்சு," என்றார். "அன்னிக்கே சொல்லிருந்தா குட்த்திருப்பன்ல நைனா?"

"இறந்துபோனவங்க புடவைன்னு தெரிஞ்சா நீங்க பயப்படுவீங்கன்னு, நாங்க யாரும் சொல்றதில்லம்மா."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"உசுரோட கீறவங்க குடுக்குற துணி எப்டி இருக்கும் தெர்மா உனுக்கு? ஜிப்பு இருக்காது, அக்குள்ல கிழிஞ்சிருக்கும். நல்லா மடிச்சி, பாச்சா உருண்ட வாசனையோட வர்றதெல்லாம் பூட்டவங்களுதுதான். எங்குளுக்குத் தெரியாதா? கட்டசொல்ல ஒரு கும்புடு போட்டுட்டுக் கட்டுவோம். யாரு பெத்த மவளோ, நல்லாருக்கட்டும்னு."

எங்கள் சபை இத்தனை காலம் மூட்டை கட்டி, ஊர் மாற்றி, வாயைக் கட்டிக் காப்பாற்றிய ரகசியம் அதுதான்.

"அன்னிக்கி நீ போனதுலேர்ந்து புள்ள ஒரே அழுவ. பால் குடிக்கல. நான் பயந்துட்டேன்யா. பேரப்புள்ளன்னு எனக்கு கீறது அது ஒண்ணுதான். அடுப்புல போட்டுட்டேன்." குரல் இறங்கியது. "நல்ல பொடவ. கிழியாத பொடவ. எரியக்கூட இல்ல. உருகி, கல்லோட ஒட்டிக்கிச்சு. வா, வந்து பாரு."

அடுப்பின் மூன்று கற்களில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. உள்பக்கம் முழுவதும் கறுப்பாக, கண்ணாடி மாதிரி ஏதோ வழிந்து உறைந்திருந்தது. நைலக்ஸ் உருகினால் அப்படித்தான் ஆகும். அடுப்பு அணைந்து ஆறியிருந்ததால் குந்தி உட்கார்ந்து தொட்டுப் பார்த்தேன். வழுவழுவென்று இருந்தது. ஓர் ஓரத்தில், நெருப்பு சரியாகப் படாத இடத்தில், நகம் அளவுக்கு நீலம் தெரிந்தது. குடை ஏதும் தெரிகிறதா என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இல்லை.

"அது இன்னா, கொடை கொடையா போட்ட பொடவ?" என்று கேட்டார் அந்த அம்மா. "நானும் கட்டிகினு சுத்துன வரைக்கும் நெனச்சிகினே இருந்தேன், எந்தப் பைத்தியம் இத எட்த்து வித்துச்சி, எந்தப் பைத்தியம் வாங்குச்சின்னு."

"வாங்குன பைத்தியம் நான்தாம்மா."

கடை பாய், பூ, கைப்பிடி, கட்டில் மேல் நின்று அவள் கேட்ட கேள்வி எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா சிரித்தார். தொடையைத் தட்டித் தட்டி, பாலம் அதிர்கிற மாதிரி, வாய்விட்டுச் சிரித்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தச் சிரிப்பில் எங்கேயாவது, கடைசியிலாவது, அந்த விக்கல் வந்துவிடாதா என்று. வரவில்லை. அது முழுக்க முழுக்க இன்னொரு பெண்ணின் சிரிப்பு.

சிரித்து முடித்து, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பேரு இன்னா அவுங்களுக்கு?" என்றார்.

சொன்னேன். வீட்டில் நான் தனி. அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பல நாளாகியிருந்தது. அந்த அம்மா ஒரு முறை சொல்லிப் பார்த்தார், தூளிப் பக்கம் திரும்பிக்கொண்டு. தூளி இப்போது யாரோ ஒரு டிரைவரின் பச்சை லுங்கியில் தொங்கியது.

ஸ்கூட்டர் பெட்டியில் புதுப் புடவை அன்றிலிருந்து அப்படியே கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். விரலால் தேய்த்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "இது தாங்காது. அதுதான் பொடவ" என்றார். ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

நான் இன்னும் அந்தக் கல்லின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

"எட்த்துனு போறியா நைனா?" என்றார் மெதுவாக. "நான் வேற கல்லு பாத்துக்கறேன்."

இரண்டு கையாலும் தூக்கினேன். நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. காலடிப் பலகையில் வைத்தால் ஆடாமல் வரும். பீரோவில் செய்தித்தாள் விரித்த தட்டு காலியாகத்தான் இருக்கிறது. உள்ளே குழந்தை சிணுங்கியது. மகள் எழுந்து, "அம்மா, உல வெக்கலியா? பசிக்குது" என்றாள். அரிசி களைந்து குண்டானில் தயாராக இருந்தது. மீதி இரண்டு கல்லும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு சும்மா கிடந்தன.

"ரெண்டு கல்லுல அடுப்பு நிக்காதும்மா," என்று சொல்லி, எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

கிரேன் ஓட்டியவன் வைத்த கல், கோணலாகத்தான் உட்கார்ந்தது. அந்த அம்மா காலால் ஒரு தள்ளு தள்ளி அதை நேராக்கிவிட்டு, குண்டானை ஏற்றினார்.